காரணம் சொல்லாத பயணி

காலைத் தேநீர் ஆறுவதற்கு முன் செய்தி வந்துவிட்டது. கண்டக்குழியிலிருந்து எமல்டாவின் தம்பி யோக்கிம் பேசினான். "டீச்சர், அக்கா விடியக்காத்தால போயிட்டா. நித்திரையிலதான். கஷ்டப்படல்ல." அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வைத்தேன். எனக்கு அழுகை உடனே வருவதில்லை. கோபம் உடனே வரும். அன்று அதற்கும் அரை மணி நேரம் பிடித்தது. யோக்கிம் தொலைபேசியில் அனுப்பிய மரண அறிவித்தலில், எமல்டாவின் அடையாள அட்டைப் படத்துக்குக் கீழே, "நீண்ட காலம் நோயுற்றிருந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை" என்று இருந்தது.

அவனைத் திரும்ப அழைத்தேன்.

"யாரப்பா இத எழுதினது?"

"அச்சகத்துலதான் டீச்சர். வயசு போன ஆக்களுக்கு அப்பிடித்தானே போடுறது."

"உங்கட அக்காவுக்கு என்ன நோய்?"

"கால் இல்லத்தானே டீச்சர்."

கால் இல்லாமை ஒரு நோயல்ல. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, அவளுக்கு இருந்தது, உண்மை. இந்தக் கரையோரத்தில் சீனி இல்லாத வீடு எது? அவர்களையெல்லாம் நோயுற்றிருந்தவர்கள் என்று எவரும் அச்சடிப்பதில்லை. இதை மரண வீட்டில் நிற்கும் ஒருவனுக்குத் தொலைபேசியில் விளக்க முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன். எமல்டாவிடம் படித்தவர்களும், அவளோடு படிப்பித்தவர்களும், அவளைப் பஸ்ஸில் தூக்கி ஏற்றியதாக அடக்கத்தன்று என்னிடம் பெருமைப்பட்டவர்களும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். நான் கடைசியாகக் குறிப்பிட்டவர்கள் இரண்டு தடவை வாசிக்கலாம்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதே மரபு. நாற்பது வருடங்கள் 'நீ' என்று சண்டை பிடித்த ஒருத்தியை இறந்த மறுவாரமே 'அவர்' ஆக்க எனக்கு மனமில்லை.

நாங்கள் புத்தளத்தில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவள் கணிதம், நான் வரலாறு. ஆசிரியர் ஓய்வறையில் என் முதல் நாளிலேயே, என் மீன்பிடி ஊரின் பெயரைக் கேட்டு, "உடப்புக்காரியா? நல்லம். நெத்தலி வாங்க ஒரு ஆள் கெடச்சிட்டு" என்றாள். "பட்டதாரிக்கு நெத்தலி விற்கத் தெரியாது" என்றேன். "அப்ப பட்டத்த வெச்சி என்ன செய்யப் போற?" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னை 'உடப்பு' என்றும், நான் அவளைக் 'கண்டக்குழி' என்றும் அழைத்தோம். எங்கள் பெயர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தன. அவள் திருமணம் செய்யவில்லை; நான் செய்து விதவையானேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது அவள் கணக்கு.

யுத்த காலத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் சிலாபத்துக்குப் போனோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று வரிசையாகச் சிங்களத்தில் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் காரணம் தயாராக இருந்தது. கலியாணம், செத்த வீடு, கோயில் நேர்த்தி, பரீட்சை. எல்லாவற்றிலும் உயர்ந்த காரணம் கிளினிக். அந்த ஒரு சொல்லுக்குத் தடைக்கம்பம் தானாக உயரும். எந்த நோயும் இல்லாத நான்கூட ஒரு பழைய கிளினிக் அட்டையைக் கைப்பையில் வைத்திருந்தேன். எமல்டாவின் முறை வந்தது. ஏன் போகிறாய் என்று சிப்பாய் கேட்டான். "நிக்கங்" என்றாள். சும்மா என்று பொருள். அவன் திகைத்தான். மீண்டும் கேட்டான். மீண்டும் அதையே சொன்னாள். அவளை வாங்கில் உட்கார வைத்தார்கள். ஐம்பது பேரோடு பஸ் வெயிலில் நின்றது. சனம் சிப்பாயைத் திட்டவில்லை, எமல்டாவைத் திட்டியது. நானும் திட்டினேன்.

"ஏதாவது ஒரு காரணத்தச் சொல்லித் தொலையன்டி."

"ஒரு சாறி பாக்கலாமெண்டு போறன். வாங்குவனோ தெரியாது. அவனுக்கு அது என்னத்துக்கு?"

அதை வீரம் என்று நான் அப்போது நினைக்கவில்லை, வீம்பு என்றே நினைத்தேன். யுத்தம் முடிந்து, சாவடிகளைப் பிரித்துத் தகரத்தையும் மரக்குற்றிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரணம் சொல்லும் பழக்கத்தை எவரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. அது எங்களிடமே கிடந்தது. பஸ்ஸில் ஏற ஒரு காரணம் வேண்டும் என்று முப்பது வருடங்கள் பழகிய சனம், கேட்பதற்குச் சிப்பாய் இல்லாதபோது தானே ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கியது. வரலாறு படிப்பித்த எனக்கு இது விளங்குவதற்கு எமல்டாவின் கால் போக வேண்டியிருந்தது.

வலது கால் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டது ஓய்வுபெற்று மூன்று வருடங்களின் பின். பொய்க்கால் அவளுக்குப் பொருந்தவில்லை, புண்ணாக்கியது. இத்தாலியில் இருக்கும் தங்கை, அங்கே முதியவர்கள் ஓட்டுகிற மின்கல வண்டி ஒன்றைக் கப்பலில் அனுப்பிவைத்தாள். நான்கு சிறிய சில்லுகள், உட்கார ஒரு கதிரை, முன்னால் கைபிடியும் கூடையும். ஊரில் அதற்குப் 'பெட்டரி வண்டி' என்று பெயர். கண்டக்குழியின் மணற்பாதையில் முதல் வாரம் ஐந்து இடங்களில் புதைந்தது. எமல்டா எந்த இடத்தில் மணல் இளகும், எந்த இடத்தில் இறுகும் என்று குறித்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் பிரதான வீதிச் சந்தி வரை தனியே வந்தாள். மூன்றாம் வாரம் பஸ்ஸில் ஏறிப் புத்தளம் வருவதாக எனக்குச் சொல்லியனுப்பினாள். வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு, பிறகு சண்டை, பின்னேர பஸ்ஸில் திரும்பல். காலிருந்த நாட்களில் அதுவே எங்கள் வழக்கம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வியாழக்கிழமை. வேறெதையும் அவள் எவரிடமும் கேட்கவில்லை.

அந்த முதல் வியாழக்கிழமை எப்படி ஏறுகிறாள் என்று பார்க்க நான் முதல்நாளே கண்டக்குழிக்குப் போய், அவளோடு சந்தியில் நின்றேன். வண்டியை அவள் ஐந்து துண்டாகக் கழற்றக் கற்றிருந்தாள்; ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு நகப்பூச்சால் இலக்கம் போட்டிருந்தாள். பஸ் வந்தது. பின்கதவால் நடத்துனர் இறங்கினான். அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரிந்த நஸீர்; நல்ல மரியாதைக்காரன்.

"டீச்சர், இத ஏத்த ஏலாது. எடம் இல்ல."

"பின்னுக்கு என்ன கெடக்கு?"

"போட் எஞ்சின். ரிப்பேருக்குப் போகுது."

"அத விட இது பாரம் கொறவு."

"எஞ்சின் தொழிலுக்கு டீச்சர். நீங்க எங்க போறீங்க?"

"புத்தளத்துக்கு."

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மாவா?" அவன் சிரித்துவிட்டான். சன்னலோரம் இருந்த ஒருவர், "இந்த நெலமையில என்னத்துக்கு டீச்சர் அலையிறீங்க? வீட்டுல நிம்மதியா இரிக்கலாமே" என்று ஆறுதல் சொன்னார். பஸ் போய்விட்டது. காற்றுக் காலம் அது. அடுத்த பஸ்ஸில், கடலில் பட்டம் இழுத்து விளையாட வந்த வெள்ளைக்காரன் ஒருவனின் ஆளுயரப் பலகையை இரண்டு பேர் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். அவனை எவரும் காரணம் கேட்கவில்லை. அந்த பஸ்ஸிலும் எங்களுக்கு இடமில்லை.

மறுநாள் காலை எமல்டா செய்த காரியத்தைக் கண்டக்குழிக் கரை மறந்திருக்காது. மீன் நிறுக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனாள். ஐந்து துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டு எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு படகு எஞ்சினைத் தொங்கவிடச் சொன்னாள். மீன் முதலாளி ஒருவர், "டீச்சர், ஏலம் எவ்வளவுல தொடங்குறது?" என்று கேட்க, கரை முழுவதும் சிரித்தது. "ஒன்ட மூளைய முதல்ல தராசுல போடு, அதுக்குப் பொறகு தொடங்குவம்" என்றாள் எமல்டா. வண்டியின் பாரங்கூடிய துண்டு எஞ்சினின் பாதிகூட இல்லை. அதைத் தாளில் எழுதி, எஞ்சின் சொந்தக்காரனிடமே கையெழுத்து வாங்கி, அடுத்த வியாழக்கிழமை நஸீரிடம் நீட்டினாள். நஸீர் மரியாதையாக வாசித்தான். "கணக்குச் சரிதான் டீச்சர்" என்றான். ஏற்றவில்லை. பாரம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை என்பது கணித ஆசிரியைக்கு அப்போதுதான் விளங்கியது.

சில வியாழக்கிழமைகளில் ஏறினாள். சாரதி நல்ல மனநிலையில் இருந்தால், சனம் குறைவாக இருந்தால். ஏறும் முறை ஒன்றை வைத்திருந்தாள். பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக் கீழ்ப்படியில் உட்காருவாள். கைகளை ஊன்றி அடுத்த படிக்கு எழும்புவாள். பிறகு அதற்கடுத்த படி. ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் சனத்தால் முடியாது. உடனே நாலு ஆண்கள் அவளுடைய அக்குளுக்குள் கைகொடுக்கப் பாய்வார்கள். "என்னத் தொடாதீங்க, வண்டியத் தூக்குங்க!" என்று கத்துவாள். கேட்கமாட்டார்கள். "மனுசியத் தூக்க நாலு பேர் இரிக்கி, வண்டியத் தூக்க ஒரு நாயும் இல்ல" என்று என்னிடம் வந்து சொல்வாள். அவளுடைய வாக்கியங்களில் நான் அடிக்கடி நினைப்பது ஒன்று: "இரக்கம் வந்தா முதல்ல ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ள வை." இன்னொன்று: "படி உயரமெண்டா படியக் கொற சொல்லு. காலக் கொற சொல்லாத."

முறைப்பாடு செய்யலாம் என்றேன் நான். படித்தவர்களின் வியாதி அது. போக்குவரத்துக்குப் பொறுப்பான அலுவலகம் ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே அவளை நிறுத்திவிட்டு, நான் மேலே போய் ஒரு படிவம் வாங்கி வந்தேன். அதில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம்: மருத்துவம், தொழில், சமயம், ஏனையவை. 'ஏனையவை' எனில் விபரிக்க. எமல்டா 'ஏனையவை'க்கு எதிரே கோடிட்டு, விபரிக்கும் இடத்தை வெறுமையாக விட்டாள். முழுமையற்ற படிவம் என்று திரும்பி வந்தது. இரண்டாவது தடவை அந்த இடத்தில், 'நோக்கம் எனக்குத் தெரியும்' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. எழுதுவினைஞர் என்னிடம் தணிந்த குரலில், "மருத்துவம் என்டு போடச் சொல்லுங்களே மிஸ், நாளைக்கே கடிதம் தாறம்" என்றார். கெட்ட மனிதரல்ல. இந்தக் கதையில் கெட்ட மனிதர் ஒருவரும் இல்லை. ஒருவராவது இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மாரி மழை. வியாழக்கிழமைப் பின்னேரம். புத்தளம் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்கள் எங்களை விட்டுவிட்டுப் போயின. அவளுடைய சேலை நனைந்து ஒட்டியிருந்தது. மின்கலத்துக்கு மேல் என் குடையைப் பிடித்திருந்தாள், தலைக்கு மேல் அல்ல. மூன்றாவது பஸ் நஸீருடையது. அவன் வாய் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

"கிளினிக்குக்கு வந்தவ தம்பி. பாவம், காலையில இருந்து நிக்கிறா."

"யா அல்லாஹ், முதல்லயே செல்லி இரிக்கலாமே டீச்சர்!"

தடைக்கம்பம் உயர்ந்தது. வேறெப்படிச் சொல்வது? நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். இரண்டு பேர் வண்டியைத் தூக்கினார்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு எழுந்து முன் இருக்கையைக் கொடுத்தாள். ஒருவர் தன் துவாயால் எமல்டாவின் தலையைத் துவட்டிவிட்டார். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். எமல்டா சன்னலால் என்னைப் பார்த்தாள். பரீட்சை மண்டபத்தில் பார்த்தெழுதும் மாணவியைக் கண்டுபிடித்த மேற்பார்வையாளர் பார்ப்பது போல.

அடுத்த வியாழக்கிழமை முதல் அவளுக்கு இடம் கிடைத்தது. தவறாமல் கிடைத்தது. நஸீர் தூரத்திலேயே கண்டு, "கிளினிக் டீச்சர் நிக்கிறா, முன்னுக்கு எடம் விடுங்க, நோயாளி, நோயாளி!" என்று கத்துவான். சந்தைக்குப் போகும் பெண்கள் அவளிடம் மருந்து கேட்டார்கள். எந்த டொக்டர், எந்த வார்ட் என்று கேட்டார்கள். சீனிக்குப் பாகற்காயும் வெந்தயமும் சொன்னார்கள். யாரோ ஒரு பாத்திமாவின் மாமிக்கு இரண்டு காலும் போனது, ஆறு மாதத்தில் மவுத்தாகி மண்ணுக்குள் போனாள் என்று ஆறுதல் சொன்னார்கள். முப்பத்தைந்து வருடங்கள் இந்த மாவட்டத்துக்குக் கணிதம் படிப்பித்தவளின் பெயர் இரண்டு மாதத்தில் 'கிளினிக் டீச்சர்' ஆனது.

ஒரு நாள் அவள் தாங்கமாட்டாமல் பஸ்ஸுக்குள்ளேயே சொன்னாளாம்: "எனக்கு வியாழக்கிழமை ஒரு கிளினிக்கும் இல்ல. நான் என்ட சிநேகிதி வீட்டுல கணவாய்க் கறி திண்டு, சண்ட புடிச்சிட்டு வாறன்." நஸீர் அனுதாபத்தோடு தலையாட்டினானாம். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் மெதுவாக, "பாவம், மறதியும் வந்திட்டு" என்றாளாம்.

அன்று மத்தியானம் என் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே வராமல் இதைச் சொன்னாள்.

"நான் உனக்கு இடம் எடுத்துத் தந்தன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

"ஓம். இடத்த எடுத்துத் தந்த நீ. அதுக்கு நீ வித்தது என்னத்த?"

"மழையில நிண்டு சாகச் சொல்றியா?"

"நனைஞ்சா காயும், உடப்பு. இது காயாது. சாவடியில நிண்ட காலத்திலயும் நீ இப்பிடித்தான். கையில அட்டைய வெச்சிட்டுத் திரிஞ்ச. அண்டைக்கு உன்ட அட்டைய நீ காட்டின, பரவாயில்ல. இண்டைக்கு என்ட காலக் காட்டிட்ட."

சாப்பிடாமல் போனாள். அன்று ஊர் திரும்பிய பிறகு அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. இடம் மறுக்கப்பட்டபோது இரண்டு வருடங்கள் விடாமல் வந்து நின்றவள், இடம் கிடைத்த பிறகு வருவதை நிறுத்தினாள். அவளை வீட்டில் இருத்தியது படியல்ல, சாரதியல்ல. என்னுடைய ஒரு வாக்கியம்.

பிறகு வியாழக்கிழமைகளில் நான்தான் கண்டக்குழிக்குப் போனேன். அவள் என்னோடு பேசினாள். மன்னித்தாள் என்று சொல்லமாட்டேன், அவள் அந்த வியாபாரம் செய்வதில்லை. வண்டியில் கரை வரைக்கும் போவோம். நான் நடந்து களைத்தால், "ஏறுறியா?" என்பாள். "நான் நோயாளியில்ல" என்பேன். அதற்கு மட்டும் சிரிப்பாள். என்னை வழியனுப்பச் சந்திக்கு வருவாள். பஸ் வந்ததும், நஸீர் எட்டிப் பார்ப்பதற்குள், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

அடக்கத்தன்று பஸ் உரிமையாளர் புத்தளத்திலிருந்து இலவச சேவை நடத்தினார். முன்கண்ணாடியில் வெள்ளைக் கொடியும், அந்த நோயுற்றிருந்த ஆசிரியையின் அறிவித்தலும். நானும் அதில்தான் போனேன். வேறு பஸ் இல்லை. நஸீர் குழந்தை போல அழுதான். "எத்தின தரம் இந்தக் கையால தூக்கி ஏத்தி இரிக்கன் டீச்சர்" என்று இரண்டு கைகளையும் எனக்குக் காட்டினான். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலில் குருவானவர், எமல்டா தன் சிலுவையை முறுமுறுப்பின்றிச் சுமந்தாள் என்றார். முறுமுறுப்பின்றி! அந்த மனுசி ஒரு மாவட்டத்துக்கே கேட்க முறுமுறுத்தாள். கேட்கவில்லை என்றால் பிழை அவளுடைய குரலில் இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, யோக்கிம் மின்கல வண்டிக்கு அருகில் நின்று ஒருவரோடு பெயர்ப்பலகை ஒன்றுக்கு அளவு பேசிக்கொண்டிருந்தான்.

"அக்காட பேர்ல ஒரு போர்ட் அடிச்சி, ஆஸ்பத்திரிக்குக் குடுக்கலாமெண்டு யோசிக்கிறம் டீச்சர். நோயாளிகளுக்கு உதவும்."

"எனக்குத் தா" என்றேன்.

"உங்களுக்கு நடக்க ஏலுந்தானே?"

"என்ட முழங்காலக் கொண்டு ரெண்டு நாள் நடந்து பாத்திட்டுச் சொல்லு."

அவன் சங்கடப்பட்டான். ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; மரண வீட்டில் பொருள் கேட்கிற கிழவியை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்கள். அவன் இத்தாலியில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தான். அவளுடைய குரல் எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக வந்தது: "அக்கா போன மாசமே சொன்னவ. உடப்பு டீச்சர் கேட்டாக் குடு, கேக்காட்டிக் குடுக்காத, வலிஞ்சி குடுத்தா அது தர்மமாப் போயிடும் எண்டு."

மீன் லொறி ஒன்றில் ஐந்து துண்டுகளும் என் வீட்டுக்கு வந்தன. நகப்பூச்சு இலக்கங்களைப் பார்த்து நானே பூட்டினேன்; மூன்றையும் நான்கையும் மாற்றிப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டினேன். கணவாய் வாசம் போல ஏதோ ஒன்று கதிரையில் இருக்கிறது. கழுவலாம், அவசரமில்லை.

போன வியாழக்கிழமை அதில் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் போனேன். எங்கே போவதற்கு என்பது இதை வாசிப்பவர்களுக்கும் தேவையில்லை. நஸீரின் பஸ் வந்தது. அவன் இறங்கி, வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகத்தைச் சுருக்கினான்.

"டீச்சர், நீங்களுமா?"

"இந்தா, அஞ்சு துண்டாக் கழட்டலாம். என்னத் தொடாத. வண்டியத் தூக்கு."

"சனம் நெறஞ்சி இரிக்கிது டீச்சர். பாருங்க." உண்மையில் நிறைந்துதான் இருந்தது. அவன் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், கிட்டத்தட்டக் கெஞ்சினான். "கிளினிக்குக்கு என்டு ஒரு சொல்லுச் செல்லுங்க டீச்சர். நான் ஏத்துறன். இந்தச் சனத்துக்குச் செல்ல எனக்கும் ஒரு காரணம் வேணுமே."

முன் இருக்கையில் ஒரு பெண் ஏற்கனவே பாதி எழுந்துவிட்டாள். என் முழங்கால்கள் இரண்டும் வலித்தன. அந்தச் சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. முப்பது வருடப் பழக்கம், அது தானாக வரும்.

"இல்ல தம்பி" என்றேன்.

எமல்டாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மறுப்பு. வண்டி தங்கையின் காசில் வந்தது, இது எமல்டாவுடையது. அவள் இருக்கும்போது இதை நான் அவளுக்காக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்தது முக்கால் மணித்தியாலத்தில் வந்தது; அதுவும் போய்விட்டது. வியாழக்கிழமைகளில் நான் அங்கேதான் நிற்பேன். அவளை அறிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தால், தயவுசெய்து கைகளைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நில்லுங்கள்.